மூட்டு அளவுக்கு மீறி வளைகிறது: புத்தகம் வாங்காமலே எதைப் படிக்கலாம்?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. சின்ன வயதிலிருந்தே விரல்களைப் பின்பக்கமாக மடித்துக் காட்டுவாள், நாங்களும் வேடிக்கையாகப் பார்ப்போம். இரண்டு வருடமாகத் தோள்மூட்டு அடிக்கடி நழுவித் தானாகவே திரும்பி உட்காருகிறது. கணுக்கால் பிசகுவது வழக்கமாகிவிட்டது. கொஞ்ச நேரம் எழுதினாலே கட்டைவிரல் வலிக்கிறது என்கிறாள். மருத்துவர் பார்த்துவிட்டு, "மூட்டுகளில் நெகிழ்வு அதிகம். இணைப்புத் திசுக் கோளாறாக இருக்கலாம். இப்போதே பெயர் வைக்க வேண்டாம், பிறகு பார்ப்போம்" என்றார். அந்தப் "பிறகு" எனக்குப் புரியவில்லை. படித்தாவது தெரிந்துகொள்ளலாம் என்று தேடினால் புத்தகங்களின் விலை எங்களுக்கு எட்டவில்லை. ஆய்வுக் கட்டுரையைத் திறந்தால் பணம் கட்டச் சொல்கிறது. இலவசமாகக் கிடைத்ததைப் படித்துவிட்டு இரண்டு இரவு தூங்கவில்லை. எனக்கும் அந்த வயதில் உடம்பு இப்படித்தான் வளையும். இப்போது 43 வயதில் முழங்கால் வலி. எந்தப் புத்தகத்தை வாங்கினால் காசு வீணாகாது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு எந்தப் புத்தகத்தையும் வாங்காதீர்கள். இந்த விஷயத்தில் நம்பகமான எழுத்துகள், மருத்துவர்களே சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்ப்பவை, பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. நான் பிசியோதெரபிஸ்ட். இப்படி நெகிழும் மூட்டுகளோடு வருகிறவர்களுக்குப் பல வருடங்களாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். "இதைப் படியுங்கள்" என்று நான் எழுதிக் கொடுக்கும் நாலைந்து பெயர்களில் ஒன்றுக்குக்கூடக் காசு கட்ட வேண்டியதில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததும் இலவசமாகக் கிடைத்ததுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எந்த மாதிரி எழுத்தாக இருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். படித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. குடும்பத்தில் யாராவது இளம் வயதில் ரத்தக்குழாய் கிழிந்து இறந்திருக்கிறார்களா? மகளின் தோல் உள்ளே ஓடும் ரத்தக்குழாய்கள் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்து, லேசாகப் பட்டாலே கன்றிப்போகிறதா? இவை ஏலர்ஸ்-டான்லோஸ் நோய்த்தொகுதி, அதாவது மூட்டும் தோலும் அளவுக்கு மீறி நெகிழும் மரபுவழி இணைப்புத் திசு நோய்களின் தொகுப்பு, அதன் ரத்தக்குழாய் வகையை நினைக்க வைப்பவை. அவள் வீட்டில் எல்லோரையும்விட மிக உயரமாக, நீண்டு மெலிந்த கைகால் விரல்களோடு இருக்கிறாளா? கண்ணில் வில்லை நகர்ந்திருப்பதாக யாராவது சொன்னார்களா? அப்படியென்றால் மார்ஃபான் என்ற இன்னொரு மரபுவழி இணைப்புத் திசு நோயை நினைக்க வேண்டும். இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனி விரிந்திருக்கிறதா என்று எக்கோ எடுத்துப் பார்ப்பார்கள். இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் இந்தப் பதிலை அப்படியே மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சிலோ முதுகிலோ வயிற்றிலோ திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் நேராக அவசர சிகிச்சைக்குத்தான் போக வேண்டும். உங்கள் கடிதத்தில் இவை எதுவும் இல்லை. இருந்தாலும் கேட்காமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை.

சரி, படிப்புக்கு வருவோம்.

முதல் சறுக்கல் தேடும் சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் "கனெக்டிவ் டிஷ்யூ டிஸீஸ்" என்று போட்டுத் தேடினால் லூபஸ், ஸ்க்லெரோடெர்மா என்று வந்து கொட்டும். அவை உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் திசுக்களையே தாக்குவதால் வரும் நோய்கள். உங்கள் மகளுக்கு மருத்துவர் சந்தேகப்படுவது அந்த ரகம் இல்லை. தோல், தசைநார், மூட்டைப் பிடித்துக் கட்டியிருக்கும் பட்டைகள், ரத்தக்குழாய்ச் சுவர் எல்லாவற்றுக்கும் உறுதி கொடுக்கும் கொலாஜன் போன்ற புரதங்கள் பிறவியிலேயே வேறு விதமாக அமைந்துவிடுவது இது. இரண்டையும் தமிழில் இணைப்புத் திசு நோய் என்றே எழுதிவிடுகிறார்கள், ஆங்கிலத்திலும் பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொண்டு, பிள்ளைக்குச் சிறுநீரகம் போய்விடுமோ என்று அழுதுகொண்டு வந்த ஓர் அப்பாவை எனக்குத் தெரியும். அவர் படித்தது முழுக்க லூபஸ் பற்றி. தேடும்போது முன்னால் "ஹெரிட்டபிள்" என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதாவது மரபுவழி வருவது. இல்லையென்றால் நேராக "ஹைப்பர்மொபிலிட்டி ஸ்பெக்ட்ரம் டிஸார்டர்" என்றே தேடுங்கள்.

அடுத்தது, எதைக் கையில் எடுத்தாலும் முதலில் வருடத்தைப் பாருங்கள். 2017 என்ற வருடத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்துக்கொண்டால்கூடத் தப்பில்லை. டென்மார்க்கின் ஏலர்ஸ் 1901-லும் பிரான்சின் டான்லோஸ் 1908-லும் விவரித்த நோய்த்தொகுதி இது. பெயர்களை ஒழுங்குபடுத்த மருத்துவர்கள் பலமுறை கூடிப் பேசியிருக்கிறார்கள். 1980-களில் 11 வகை என்று எண் போட்டார்கள். 1997-ல் அதை 6 ஆகச் சுருக்கினார்கள். 2017-ல் வந்த சர்வதேச வகைப்பாட்டில் அது 13 ஆனது. அதே வருடம், மூட்டு நெகிழ்வே முக்கிய அடையாளமான ஹைப்பர்மொபைல் வகைக்கான நிபந்தனைகளை நன்றாக இறுக்கினார்கள். அந்த நிபந்தனைக்குள் வராமல், ஆனால் நெகிழ்வினால் வலியும் நழுவலும் இருக்கிறவர்களுக்கு ஹைப்பர்மொபிலிட்டி ஸ்பெக்ட்ரம் டிஸார்டர் என்று புதிதாக ஒரு பெயர் வந்தது. சுருக்கமாக எச்எஸ்டி என்பார்கள். ஆகவே, "மூன்றாம் வகை", "ஜாயிண்ட் ஹைப்பர்மொபிலிட்டி சிண்ட்ரோம்" என்றெல்லாம் ஒரு புத்தகத்தில் வந்தால் அது அதற்கு முந்தைய காலத்தது. சில பழைய எழுத்துகளில் "பினைன்", அதாவது தீங்கற்ற, என்ற அடைமொழிகூட இருக்கும். வருடக்கணக்காக வலியோடு வாழ்கிறவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும்! நல்ல வேளையாக அது வழக்கொழிந்துவிட்டது.

மருத்துவர் சொன்ன "பிறகு" புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்கான விளக்கமும் ஓர் இலவசக் கட்டுரைக்குள் இருக்கிறது. 2017 நிபந்தனைகள் பெரியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பிள்ளைகளின் உடம்பு இயல்பிலேயே அதிகம் வளையும், வளர வளர இறுகும். அதனால் பிள்ளைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனி வழிமுறை ஒன்றை ஒரு சர்வதேசக் குழு 2023-ல் வெளியிட்டது. ஆர்ஃபனெட் ஜர்னல் ஆஃப் ரேர் டிஸீசஸ் என்ற இதழில் வந்தது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். வளர்ச்சி முடியும்வரை ஹைப்பர்மொபைல் ஏலர்ஸ்-டான்லோஸ் என்ற பெயரைச் சூட்டாமல் இருப்பதே அதன் நிலைப்பாடு. ஆக, உங்கள் மருத்துவர் தட்டிக்கழித்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பெயருக்குக் காத்திருக்கலாம், சிகிச்சைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தோள் நழுவுவதற்கும் கணுக்கால் பிசகுவதற்கும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியை இப்போதே தொடங்கலாம். அதற்குப் பிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

எங்கே ஆரம்பிப்பது? ஆங்கிலம் ஓரளவு படிப்பீர்கள் என்றால், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ் தளத்தில் மரபியல் பகுதி ஒன்று இருக்கிறது. பொதுமக்களுக்காகவே எளிய நடையில் எழுதியது. ஏலர்ஸ்-டான்லோஸ், மார்ஃபான் இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் உண்டு, கால் மணி நேரத்தில் படித்துவிடலாம். முதல் நாளுக்கு அது போதும். அன்றைக்கே வேறு எதையும் திறக்காதீர்கள்.

இரண்டாம் நாள் ஒரே ஒரு தாள். ஏலர்ஸ்-டான்லோஸ் சொசைட்டி என்ற அமைப்பின் தளத்தில் 2017 நிபந்தனைகளை ஒரு பக்கப் பட்டியலாகப் போட்டிருக்கிறார்கள், இறக்கி அச்செடுக்கலாம். என் கணக்கில் பல தடித்த புத்தகங்களைவிட அந்த ஒரு தாள் பயன் அதிகம். மேலே பைட்டன் மதிப்பெண் இருக்கும். மொத்தம் 9. உள்ளங்கையை மேசையில் வைத்துக்கொண்டு சுண்டுவிரலைப் பின்னால் தூக்கினால் 90 பாகையைத் தாண்டுகிறதா, கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, முழங்கையும் முழங்காலும் பின்பக்கமாக 10 பாகைக்கு மேல் வளைகின்றனவா என்று பார்ப்பார்கள். இடது, வலது இரண்டுக்கும் ஒவ்வொன்று, ஆக எட்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கை முழுவதும் தரையில் பதிந்தால் இன்னொன்று. பருவமடையாத பிள்ளைக்கு 6, அதற்கு மேல் 50 வயதுவரை 5, 50 தாண்டினால் 4 வந்தால் பொதுவான மிகை நெகிழ்வு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு வேண்டுகோள். மகளை நிற்க வைத்து இந்த ஒன்பதையும் திரும்பத் திரும்பச் சோதிக்காதீர்கள். ஏற்கனவே தளர்ந்திருக்கும் மூட்டை அதன் எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் ஒவ்வொரு சோதனையும். நண்பர்களுக்கு விரலை மடித்துக் காட்டுவதையும் இனி நிறுத்தச் சொல்லுங்கள். அளப்பதை அளக்கத் தெரிந்தவர் ஒருமுறை அளந்தால் போதும்.

தாளின் கீழே இருப்பதுதான் முக்கியம். நெகிழ்வு மட்டும் இருந்தால் அந்த நோய் என்று ஆகிவிடாது. தோல், தழும்பு, குடலிறக்கம், பல் வரிசை நெருக்கம் போன்ற 12 அடையாளங்களில் குறைந்தது ஐந்து. பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு என்ற நெருங்கிய உறவில் ஒருவருக்கு இதே நோய் உறுதியாகியிருப்பது. நாட்பட்ட வலியோ மூட்டு விலகலோ. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு சேர வேண்டும். அதற்கும் மேல், இதே மாதிரி தோற்றம் தரும் வேறு நோய்கள் இல்லை என்று உறுதியாக வேண்டும். வளையும் உடம்பு உள்ள எத்தனையோ பேர் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள் என்பதை அந்தத் தாளைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு, இது பெரியவர்களுக்கான தாள்; மகளுக்கு நீங்களே அதில் டிக் போட்டு முடிவுக்கு வர வேண்டாம்.

மூன்றாவதாக ஜீன்ரிவ்யூஸ். வாஷிங்டன் பல்கலைக்கழகம் தொகுப்பது, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் புக்ஷெல்ஃப் தளத்தில் முழுவதும் இலவசம். மருத்துவர்களுக்காக எழுதியது என்பதால் முதலில் மிரட்டும். ஆனால் எல்லா அத்தியாயங்களும் ஒரே வரிசையில் இருக்கும் என்பது பெரிய வசதி. நோயைக் கண்டறிவது, அறிகுறிகள், ஒத்த நோய்கள், கவனிப்பு முறை, மரபியல் ஆலோசனை என்று போகும். ஹைப்பர்மொபைல் வகைக்கான அத்தியாயம் 2004-ல் முதலில் வந்தது, அதற்குப் பிறகு பலமுறை திருத்தியிருக்கிறார்கள். கடைசியாகத் திருத்திய தேதி தலைப்புக்குக் கீழேயே இருக்கும். நீங்கள் மேலிருந்து கீழே படிக்க வேண்டாம். நேராகக் கவனிப்பு முறை என்ற பகுதிக்குப் போய், எதைத் தவிர்க்க வேண்டும், எதை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்ற இரண்டு தலைப்புகளை மட்டும் படியுங்கள். மரபணுப் பெயர்கள் வரும் பத்திகளைத் தாண்டிப் போகலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

மரபணு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருக்குப் பணம் போவது இங்கேதான். 2017 பட்டியலின் 13 வகைகளில் ஹைப்பர்மொபைல் வகைக்கு மட்டும் இன்னும் மரபணு கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த வகை இருக்கிறதா என்று சொல்ல ரத்தப் பரிசோதனையே கிடையாது. மற்ற வகைகளும் மார்ஃபானும் இல்லை என்று உறுதிசெய்ய மருத்துவர் மரபணுச் சோதனை எழுதலாம், அது வேறு. யாராவது விளம்பரத்தில் "நெகிழ்வு மூட்டுக்கான மரபணுச் சோதனை" என்று விற்றால் வாங்காதீர்கள்.

இப்போது உங்கள் இரண்டு இரவுகளுக்கு வருகிறேன். பப்மெட் சென்ட்ரல் என்ற இலவசக் கட்டுரைக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. 2000-த்தில் தொடங்கியது, லட்சக்கணக்கான கட்டுரைகள் முழுமையாகக் கிடைக்கும். நல்ல இடம். ஆனால் நோயின் பெயரைப் போட்டுத் தேடினால் முதல் பக்கத்திலேயே "கேஸ் ரிப்போர்ட்" வகைக் கட்டுரைகள் வரிசையாக நிற்கும். ஒரே ஒரு நோயாளிக்கு நடந்ததை விவரிப்பவை அவை. இதுவரை கண்டிராத ஒன்று, எதிர்பாராத ஒரு மரணம், அபூர்வமான ஒரு சிக்கல் என்றால்தான் அதைக் கட்டுரையாக எழுதுவார்கள். ஒழுங்காகப் பயிற்சி செய்து, படித்து முடித்து, வேலைக்குப் போன பெண்ணைப் பற்றி யாரும் கேஸ் ரிப்போர்ட் எழுத மாட்டார்கள். நீங்கள் படித்தது பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். அதிலும் ரத்தக்குழாய் வகை பற்றியதாக இருந்தால், அது 50,000 முதல் 2,00,000 பேரில் ஒருவருக்கு வருவதாக மதிப்பிடப்படும் அபூர்வ நோய். அதற்குப் பதில் அதன் சகோதரத் தளமான பப்மெட்டில் தேடி, "ரிவ்யூ" என்ற வடிகட்டியையும் "ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்" என்ற வடிகட்டியையும் தட்டிவிடுங்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதியவை மட்டும் மிஞ்சும். அதில் முதலில் சுருக்கம், அப்புறம் நேராக முடிவுரை. நடுவில் உள்ள அட்டவணைகள் உங்களுக்குத் தேவைப்படாது.

பணம் கேட்கும் கட்டுரையைப் பார்த்ததும் திரும்பிவிட வேண்டாம். அதே கட்டுரையை ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் சட்டப்படியே இலவசமாகப் போட்டிருக்கலாம். அன்பேவால் என்ற சின்ன நிரலை உலாவியில் சேர்த்துவிட்டால் அப்படி ஒரு பிரதி இருக்கிறதா என்று அதுவே தேடிச் சொல்லும். அதிலும் இல்லையென்றால் கட்டுரையின் சுருக்கப் பக்கத்தில் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். மூன்று வரி எழுதுங்கள்: நான் யார், எந்தக் கட்டுரை, படிக்க ஒரு பிரதி கிடைக்குமா. நீங்கள் கட்டும் பணத்தில் அந்த ஆசிரியருக்கு எதுவும் போவதில்லை. தங்கள் எழுத்தை ஒரு தாய் தேடிப் படிக்கிறார் என்றால் அவர்களுக்குச் சந்தோஷம்தான். நான் இப்படிக் கேட்டு வாங்கியவை நிறைய. ஒருவர் கூடவே, "இதைவிட நீங்கள் படிக்க வேண்டியது இது" என்று இன்னொன்றையும் சேர்த்து அனுப்பினார்.

ஆங்கிலம் சிரமம் என்றால் மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்துங்கள், ஆனால் கவனமாக. "ஜாயிண்ட்" என்பதை மூட்டு என்று போடாமல் "கூட்டு" என்று போட்டுவிடும். நாளாக ஆகக் கூடும் நோய் என்ற பொருளில் வரும் "ப்ரோக்ரசிவ்" என்ற சொல் "முற்போக்கான" என்று வந்து நிற்கும், நோய் குணமாகிக்கொண்டு வருகிறது என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார். மருந்துப் பெயர், அளவு, "கூடாது" என்ற சொல் வரும் வாக்கியம் மூன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள். ஓர் உதாரணம்: ஃப்ளூரோகுயினலோன் வகை ஆன்டிபயாடிக்குகள் மகாதமனி கிழியும் அபாயத்தைக் கூட்டலாம் என்றும், மார்ஃபான், ஏலர்ஸ்-டான்லோஸ் உள்ளவர்களுக்கு வேறு வழி இருக்கும்போது தவிர்க்க வேண்டும் என்றும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. இப்படி ஒரு வாக்கியத்தில் ஒரு "இல்லை" விழுந்துவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும். இதை வைத்து நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேட்பதற்காக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கையில் ஒரு புத்தகம் வேண்டும் என்று தோன்றலாம். எனக்கும் அது புரிகிறது. வலியோடு அன்றாடம் எப்படி ஓட்டுவது, பள்ளியில் எப்படிச் சொல்வது, சோர்வான நாளில் எதை விடுவது என்பதையெல்லாம் ஒரு புத்தகம் நிதானமாகப் பேசும், கட்டுரை பேசாது. முதலில் பக்கத்து நூலகத்தில் கேளுங்கள். அவர்களிடம் இல்லாவிட்டாலும் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் சில நூல்களைத் திரையில் இரவலாகப் புரட்டலாம். வாங்கியே தீர வேண்டும் என்றால் பழைய பதிப்பையோ ஒருவர் படித்துவிட்டு விற்பதையோ வாங்குங்கள். 2017-க்கு முந்தைய புத்தகத்தில் நோயைக் கண்டறிவது பற்றிய அத்தியாயங்கள் காலாவதியாகிவிட்டன. ஆனால் மூட்டைப் பாதுகாப்பது, வேலையைப் பிரித்துச் செய்வது, உடற்பயிற்சியை மெதுவாகக் கூட்டுவது, தூக்கம், வலியோடு பழகுவது பற்றிய பகுதிகள் பெரும்பாலும் இன்றைக்கும் பொருந்தும். மலிவாகக் கிடைக்கும் பழைய பிரதியை அந்தப் பக்கங்களுக்காக வாங்கலாம்.

ஆசிரியர் யார், என்ன படித்தவர் என்ற தகவலே இல்லாத மின்நூல்கள் இப்போது நிறைய வருகின்றன. ஒரு நோயின் பெயரை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டாலும் அப்படியே பொருந்தும் மாதிரி இருக்கும். மலிவு என்பதற்காக அவற்றில் இறங்காதீர்கள். "30 நாளில் மூட்டு இறுகும்" என்று சொல்கிற புத்தகத்தையும், கடைசி அத்தியாயத்தில் கொலாஜன் பொடி விற்கிற புத்தகத்தையும் அங்கேயே வைத்துவிடுங்கள். சாப்பிடும் கொலாஜனை வயிறு மற்ற புரதங்களைப் போலச் செரித்து உடைத்துவிடுகிறது. மரபணு சொல்லும் விதத்தில்தான் உடம்பு தன் கொலாஜனைக் கட்டும்.

புத்தகம் பற்றி இன்னொன்று, இதை நான் ஒரு பெண்ணிடம்தான் கற்றுக்கொண்டேன். கட்டைவிரல் அடியில் வலி கூடிவிட்டது என்று வந்தாள். எழுதுவதில்லை, கனமாக எதையும் தூக்குவதில்லை என்றாள், எனக்கும் காரணம் பிடிபடவில்லை. அடுத்த முறை சீக்கிரமே வந்து காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நெகிழ்வு மூட்டு பற்றித்தான், நூலகத்தில் எடுத்த கெட்டி அட்டைப் புத்தகம். ஒரே கையில் பிடித்திருந்தாள். புத்தகத்தின் முழு எடையும் சுண்டுவிரலின் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தது, அந்த விரல் வில்லாக வளைந்திருந்தது. பக்கம் மூடாமல் இருக்க நடுவில் வைத்திருந்த கட்டைவிரல், நுனி மூட்டில் பின்னோக்கி மடிந்து வெளுத்துப்போயிருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை, ஏனென்றால் அவள் மூட்டுக்கு அந்த நிலை வசதியாக இருந்தது. தினமும் இரண்டு மணி நேரம் அப்படிப் படித்திருக்கிறாள்.

உங்கள் மகளின் கட்டைவிரல் வலிக்கும் இதைப் பாருங்கள். அவள் படிக்கும்போதும் எழுதும்போதும் எதிரில் உட்கார்ந்து, எந்த விரல் பின்னால் மடிகிறது என்று கவனியுங்கள். புத்தகத்தைக் கையில் பிடிக்காமல் சாய்வான தாங்கியில் வைக்கட்டும், பக்கத்தை ஒரு கிளிப் பிடித்துக்கொள்ளட்டும். தடித்த புத்தகம் என்றால் தேவையான அத்தியாயத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுங்கள். செல்பேசியும் இதற்கு விலக்கில்லை: ஒரு கையில் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவதும் அதே மூட்டைத்தான் இழுக்கும். மேசையில் வைத்து ஆள்காட்டி விரலால் நகர்த்தலாம், அல்லது செல்பேசியையே உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வரட்டும். எழுதும்போது வலித்தால் பேனாவைச் சுற்றி மெத்தென்று எதையாவது சுற்றித் தடிமனாக்கிப் பாருங்கள், பிடியில் அழுத்தம் குறையும்.

அவள் எதைப் படிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 15 வயதுப் பெண் உங்களுக்கு முன்பே தேடிப் படித்திருப்பாள். என்ன படித்தாய் என்று கேளுங்கள். கேஸ் ரிப்போர்ட் பற்றி மேலே எழுதியதை அவளிடமும் சொல்லுங்கள். சக நோயாளிகளின் அனுபவங்களைப் படிப்பது தனிமையைக் குறைக்கும், அதை நான் தடுக்க மாட்டேன். ஒருவருக்கு வந்த பத்துத் தொந்தரவும் தனக்கும் வரும் என்று அவள் கணக்குப் போடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உங்கள் முழங்காலை மறந்துவிடாதீர்கள். வயது ஏற ஏற மூட்டு இறுகிவிடுவதால் உங்களுக்கு இன்றைக்கு பைட்டன் மதிப்பெண் குறைவாக வரலாம். அதற்காகவே 2003-ல் வந்த ஐந்து கேள்விகள் இருக்கின்றன, அந்த ஒரு பக்கத் தாளிலேயே பார்க்கலாம். "இப்போது முடியுமா, அல்லது எப்போதாவது முடிந்ததா" என்றுதான் அதில் கேட்பார்கள். குனிந்து தரையில் உள்ளங்கை வைத்தது, கட்டைவிரலை முன்கையில் தொட்டது, சின்ன வயதில் உடம்பை வளைத்து மற்றவர்களை வியக்க வைத்தது, தோளோ முழங்கால் சில்லோ ஒன்றுக்கு மேற்பட்ட தடவை விலகியது, உங்களை நீங்களே "டபுள் ஜாயிண்ட்" என்று நினைத்தது. இரண்டுக்கு "ஆமாம்" வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். மகளின் குடும்ப வரலாற்றிலும் அது சேரும்.

அடுத்த முறை போகும்போது அச்செடுத்த அந்தத் தாளையும், தோள் எந்தெந்தத் தேதியில் என்ன செய்யும்போது நழுவியது என்ற குறிப்பையும், மூன்றே மூன்று கேள்விகளையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் கேள்வியாக இதை வைக்கலாம்: "எக்கோ ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுமா?" இரண்டாவது, பிசியோதெரபி. மூன்றாவதை மகள் எழுதட்டும்.